காயத்தை மூடும் தட்டணு இரத்தக் குழாயை அடைப்பது ஏன்?



எழுமலை பக்கத்துக் கிராமம் ஒன்றில் குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து, கடன் தவணை எழுதி, தீர்மான நோட்டில் கையெழுத்தும் வாங்கியாச்சு. எல்லாரும் எழுந்திருக்கப் போகும் நேரத்தில் ஒரு அக்கா, முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். வயது ஐம்பதுக்கு மேல். நான்கு மாதத்துக்கு முன்னால் நெஞ்சு வலி வந்து, மதுரையில் அவருக்கு இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்திருக்கிறார்கள்.

"மேடம், போன வருசம் எம் மகளுக்கு டெங்கு வந்தப்ப, தட்டணு கொறையுது கொறையுதுன்னு தெனமும் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. அது கொறஞ்சா உசுருக்கே ஆபத்துன்னாங்க. இப்ப எனக்குக் குடுத்திருக்கிறது தட்டணுவை அடக்குற மாத்திரையாம். மக்க மனுசருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா? பல்லு வெளக்குனா ரத்தம் வேற கசியுது. அதான் ஒரு வாரமா மாத்திரைய நிறுத்திப்புட்டேன்."

கூட்டத்தில் பாதிப் பேர் "நல்லதுதான் செஞ்சே" என்று தலையாட்டினார்கள். எங்களுக்குத் திக்கென்று இருந்தது. நிறுத்தக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் ஏன் நிறுத்தக் கூடாது என்று அவருக்குப் புரியும்படி சொல்ல அன்றைக்குத் தெரியவில்லை. அப்போதே அவரைக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டர் சொன்னதையும், அதன் பிறகு நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம். அந்த அக்கா கேட்ட கேள்வி நம்மில் பல பேர் மனதில் இருக்கும் கேள்விதான்.

தட்டணு என்றால் என்ன?

நம் இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என்று மூன்று வகை அணுக்கள் உண்டு. சிவப்பணு மூச்சுக் காற்றின் பிராணவாயுவைச் சுமக்கிறது. வெள்ளையணு கிருமிகளோடு சண்டை போடுகிறது. டாக்டர்கள் பிளேட்லெட் என்று சொல்லும் தட்டணு, காயம் பட்டால் ஓடிவந்து ஓட்டையை அடைக்கிறது. மூன்றிலும் சின்னது இதுதான். சிவப்பணுவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் எண்ணிக்கை அதிகம். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் எழுதித் தருவது இந்தக் கணக்கைத்தான்.

தட்டணு எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் உற்பத்தியாகிறது. ஏழு முதல் பத்து நாள் வரைதான் அதற்கு ஆயுசு. தினமும் பழசு போகும், புதுசு வரும். இரத்தம் உறைவதில் இதற்கு வேலை இருக்கிறது என்று 1882-ல் கண்டு சொன்னவர் இத்தாலி நாட்டு மருத்துவ அறிஞர் பிசொசெரோ.

இதன் வேலையைப் புரிந்துகொள்ள நம்ம ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கரையில் ஒரு இடம் உடைகிறது. முதலில் பார்த்தவர் என்ன செய்வார்? கையில் கிடைத்த மண் மூட்டையைப் போட்டு அடைப்பார், "ஓடியாங்க, ஓடியாங்க" என்று சத்தமும் போடுவார். சத்தம் கேட்டு நாலு பேர் வருவார்கள், அவர்கள் சத்தத்துக்கு நாற்பது பேர் வருவார்கள். தட்டணுவும் இப்படித்தான். இரத்தக் குழாய் கிழிந்த இடத்தில் முதலில் போய் ஒட்டிக்கொள்ளும். அதுவரை தட்டு மாதிரி இருந்தது முள் முளைத்த நெருஞ்சிக்காய் மாதிரி ஆகும். மற்ற தட்டணுக்களைக் கூப்பிடும் இரசாயனங்களை வெளியே விடும். கடைசியில் நார் போன்ற ஒரு வலை பின்னி, எல்லாம் சேர்ந்து கட்டியாகும். அரிவாள்மணையில் விரலை வெட்டிக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் இரத்தம் நிற்கிறதே, அது இவர்கள் புண்ணியம்.

அழற்சி என்றால் என்ன?

காலில் கருவேல முள் குத்தினால் மறுநாள் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். இது நோய் இல்லை. உள்ளே புகுந்த எதிரியோடு உடம்பு போடும் சண்டை. முள்ளை எடுத்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

சில சண்டைகள் அடங்குவதில்லை. வெளியே சிவப்பும் தெரியாது, வீக்கமும் தெரியாது. நீறு பூத்த நெருப்பு மாதிரி உள்ளேயே கனன்றுகொண்டு இருக்கும். இப்படிப்பட்ட நெருப்பு இரத்தக் குழாயின் உள்சுவரில் பற்றினால், அதுதான் இதய நோய்க்கு ஆரம்பம்.

தட்டணு இரத்தக் கசிவை மட்டும் நிறுத்துகிறது என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டு இருந்தார்கள். அழற்சியிலும் அதற்குப் பங்கு உண்டு என்பது பிறகு தெரிய வந்தது. தட்டணுவுக்குள் சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. அது உசுப்பப்பட்டால் அந்தப் பைகளில் இருந்து வரும் பொருள்கள் வெள்ளையணுக்களைக் கூப்பிடுகின்றன. தட்டணுவின் மேல் ஒரு கொக்கியும் முளைக்கிறது. அதில் வெள்ளையணு மாட்டிக்கொள்கிறது. இரண்டும் ஜோடி சேர்ந்து குழாய்ச் சுவரில் போய் ஒட்டுகின்றன. எங்கே அழற்சி இருக்கிறதோ அங்கே தட்டணு போகிறது, போன இடத்தில் அழற்சியை இன்னும் கூட்டிவிடுகிறது.

குழாய்ச் சுவருக்குள் கூழ்

இரத்தக் குழாயில் அடைப்பு என்றால், தண்ணீர்க் குழாயில் பாசி பிடிக்கிற மாதிரி கொழுப்பு மேலே படிகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது சுவருக்கு உள்ளே நடக்கிறது. பீடி, புகையிலை, சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, கெட்ட கொழுப்பு இவையெல்லாம் உள்சுவரைச் சேதப்படுத்துகின்றன. சேதமான இடத்தில் கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுகிறது. அதைத் தின்று தீர்க்க வெள்ளையணுக்கள் உள்ளே போகின்றன. தின்று தின்று அவையே செத்து, உள்ளே கஞ்சி மாதிரி சேர்கிறது. இந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்த பெயர் அதிரோஸ்கிளிரோசிஸ். அந்தப் பெயரின் முதல் பாதி கிரேக்க மொழியில் கூழ் என்று பொருள்படும் சொல்லில் இருந்து வந்தது. கூழின் மேல் ஆடை படிகிற மாதிரி, இந்தக் கஞ்சியின் மேலும் ஒரு மூடி உண்டாகிறது.

இது ஒரு நாளில் நடப்பதில்லை, பல வருடம் பிடிக்கும். அத்தனை வருடமும் வலி எதுவும் தெரியாமல் இருக்கலாம். இது கொழுப்பு மட்டும் சேரும் நோய் இல்லை, அழற்சி நோய் என்று 1999-ல் ரஸ்ஸல் ராஸ் என்ற அமெரிக்க அறிஞர் விளக்கமாக எழுதினார். 2002-ல் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், கண்ணுக்குத் தெரியும்படி அடைப்பு வருவதற்கு முன்பே தட்டணுக்கள் குழாய்ச் சுவரில் வந்து ஒட்டுவதைப் பார்த்தார்கள். அதனால் நோயின் கடைசியில் மட்டும் தட்டணு வருவதில்லை. தொடக்கத்திலேயே அதற்குப் பங்கு இருக்கிறது.

கடைசியில் நடப்பது என்ன? அழற்சி கூடக் கூட மேல் மூடி மெலிகிறது. ஒரு நாள் கிழிகிறது. தட்டணுவுக்கு இது வெளிக்காயமா உட்காயமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. "கரை உடைஞ்சிருச்சு" என்று ஓடிவந்து மண் மூட்டையைப் போடுகிறது. ஆனால் இது கண்மாய்க் கரை இல்லை, வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்களே 3, 4 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். அதற்குள் கட்டி விழுந்தால் வாய்க்கால் அடைபடும், கடைமடை காயும். காய்வது இதயத் தசை. இதுதான் மாரடைப்பு. இதே அடைப்பு மூளைக்குப் போகும் குழாயில் வந்தால் பக்கவாதம். காலுக்குப் போகும் குழாயில் வந்தால் கால் அழுகிப் போகலாம்.

நல்லது செய்ய வந்த ஆளே ஆபத்தாகிவிடுகிறார். இடம்தான் தப்பு.

அடுப்புப் புகையும் நம் இரத்தமும்

"எங்க வீட்டுல யாரும் பீடி குடிக்கிறதில்ல, எனக்கு எதுக்கு வரப் போகுது?" என்று கேட்கலாம். நாம் எல்லாரும் கவனிக்க வேண்டிய ஒரு ஆய்வு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

கொல்கத்தாவில் உள்ள சித்தரஞ்சன் தேசிய புற்றுநோய் நிறுவனத்து ஆய்வாளர்கள், விறகு, வறட்டி, பயிர்த் தட்டை எரித்துச் சமைக்கும் கிராமப் பெண்களின் இரத்தத்தையும், கேஸ் அடுப்பில் சமைக்கும் பெண்களின் இரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவை 2006-ல் வெளியிட்டார்கள். புகையில் சமைத்த பெண்களின் இரத்தத்தில் உசுப்பப்பட்ட தட்டணுக்கள் அதிகமாக இருந்தன. தட்டணுவும் வெள்ளையணுவும் ஒட்டிக்கொண்டு சுற்றும் ஜோடிகளும் அதிகமாக இருந்தன. மேலே கொக்கி என்று எழுதினோமே, அதே ஜோடிதான்.

காரணம் இதுதான். புகையில் இருக்கும் மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் அடிவரை போகின்றன. அங்கே அழற்சி உண்டாகிறது. அந்த அழற்சியின் சேதி இரத்தம் வழியாக உடம்பு முழுக்கப் பரவுகிறது. கண் எரிச்சல், இருமல் இரண்டும் நமக்குத் தெரிகிறது. தட்டணு உசுப்பப்படுவது தெரிவதில்லை.

நம்ம பக்கத்தில் கேஸ் இணைப்பு இல்லாத வீடு இப்போது குறைவு. ஆனாலும் கூட்டத்தில் கேட்டால், "கேஸ் இருக்கு மேடம். குழம்பும் காப்பியும் அதுல. சோறும் வெந்நியும் விறகுலதான்" என்கிறார்கள். சிலிண்டர் விலையைப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். முழுசாக மாற முடியாதவர்கள் இவ்வளவாவது செய்யலாம்: வெந்நீர் அடுப்பை வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில் வையுங்கள். நன்றாகக் காய்ந்த விறகையே எரியுங்கள். சமையல் அறையில் புகை போக ஒரு வழி வையுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊதாதீர்கள்.

அப்படியானால் மகளுக்கு ஒரு நியாயம், அம்மாவுக்கு ஒரு நியாயமா?

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம்.

டெங்குவில் குறைவது தட்டணுவின் எண்ணிக்கை. லட்சக் கணக்கில் இருக்க வேண்டியது சில ஆயிரத்துக்கு இறங்கினால், கரை உடைந்தால் ஓடிவர ஆள் இல்லை. இரத்தக் கசிவு வரலாம். அதோடு டெங்குவில் இரத்தக் குழாயில் இருந்து நீர் வெளியே கசிந்து இரத்த அழுத்தம் இறங்குவது இன்னும் பெரிய ஆபத்து. அதனால்தான் தினமும் பரிசோதனை.

ஸ்டென்ட் வைத்தவருக்குக் கொடுக்கும் மாத்திரை எண்ணிக்கையைக் குறைப்பதற்கு இல்லை. தட்டணு அதே அளவு இருக்கும். அவை ஒன்றை ஒன்று கூப்பிட்டுக் கூட்டம் சேர்வதைத்தான் மாத்திரை தடுக்கிறது. ஆஸ்பிரின், தட்டணு போடும் சத்தத்தைக் குறைக்கிறது. குளோபிடோகிரெல், மற்ற தட்டணுவின் காதை அடைக்கிறது. சத்தம் வேறு, காது வேறு என்பதால்தான் சிலருக்கு இரண்டு மாத்திரையும் சேர்த்துத் தருகிறார்கள். மகளுக்கு ஆள் பற்றாக்குறை. அம்மாவுக்கு ஆள் இருக்கிறார்கள், வேண்டாத இடத்தில் கூட்டம் கூடக் கூடாது. இரண்டு பேருக்கும் டாக்டர் செய்தது சரிதான்.

ஆஸ்பிரின் வந்த கதை

ஆஸ்பிரின் 1897-ல் ஜெர்மனியில் உருவான வலி மாத்திரை. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் கிரேவன் என்று ஒரு சாதாரண டாக்டர் இருந்தார். தொண்டைச் சதை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் வலிக்காக ஆஸ்பிரின் கலந்த மிட்டாயை மென்றபோது இரத்தம் அதிகமாகக் கசிவதைக் கவனித்தார். இரத்தம் உறைவதை இது தடுக்கிறது என்றால் மாரடைப்பையும் தடுக்குமே என்று யோசித்து, தன்னிடம் வந்த ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1950-ல் எழுதியும் வெளியிட்டார். பெரிதாக யாரும் காது கொடுக்கவில்லை. 1971-ல்தான் ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று இங்கிலாந்தின் ஜான் வேன் கண்டு சொன்னார். அதற்கு 1982-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

1988-ல் பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு வந்தது. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேரைப் பல நாடுகளில் சேர்த்துப் பார்த்தார்கள். ஆஸ்பிரின் கிடைக்காதவர்களில் ஐந்து வாரத்தில் 100-க்கு கிட்டத்தட்ட 12 பேர் இதய, இரத்தக் குழாய்க் கோளாறால் இறந்தார்கள். ஒரு மாதம் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் அது 9 ஆகக் குறைந்தது. விலை குறைந்த ஒரு மாத்திரை 100 பேரில் இரண்டு மூன்று உயிரைக் காத்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க மாரடைப்பு வந்தவுடன் முதலில் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றாக ஆஸ்பிரின் ஆகிவிட்டது.

வாய்வு என்று இருந்துவிடாதீர்கள்

இதை எழுதும்போது எங்களுக்கு இன்னொரு சகோதரியின் நினைவு வருகிறது. சில வருடங்களுக்கு முன் வரை எங்கள் குழு ஒன்றில் இருந்தவர். ஐம்பது வயதுகூட ஆகவில்லை, சர்க்கரை இருந்தது. ஒரு நாள் ராத்திரி நெஞ்சில் பாரமும் வியர்வையும் வந்திருக்கிறது. வாய்வுப் பிடிப்பு என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். முதுகைத் தேய்த்துவிட்டிருக்கிறார்கள். "விடியட்டும், மொத பஸ்ஸுக்குப் போயிருவோம்" என்று அவரே சொல்லியிருக்கிறார். விடிவதற்குள் போய்விட்டார். அவருடைய இன்சூரன்ஸ் படிவத்தை நிரப்பியது நாங்கள்தான். இறந்த காரணம் என்ற இடத்தில் எழுத எங்களுக்குக் கை வரவில்லை.

எழுமலையில் இருந்து மதுரை தூரம்தான். ராத்திரி நேரத்தில் வண்டி கிடைப்பதும் சிரமம்தான். ஆனால் முதல் உதவிக்கு மதுரை வரை போக வேண்டியதில்லை. தமிழக அரசு 2023-ல் இதயம் காப்போம் என்ற திட்டத்தைத் தொடங்கி, கிராமத்துச் சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கான முதல் மருந்தை வைத்தது. மொத்தம் 14 மாத்திரைகள். ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் 2, குளோபிடோகிரெல் 75 மில்லிகிராம் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் 8. முதல் இரண்டும் தட்டணுவின் சத்தத்தையும் காதையும் அடக்குபவை. மூன்றாவது கொழுப்பைக் குறைத்து, குழாய்ச் சுவரின் அழற்சியைத் தணிப்பது. இதைக் கொடுத்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். போகும் வழியில் கட்டி இன்னும் பெரிதாகாமல் இருக்க இது உதவும்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பலன் உண்டு என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் 2,420 மாரடைப்பு நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சின்ன ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸ் மூலமாக ஒரே வலையாக இணைத்தார்கள். இணைப்பதற்கு முன் ஒரு வருடத்தில் 100-க்கு 17.6 பேர் இறந்தார்கள். இணைத்த பிறகு அது 14.2 ஆகக் குறைந்தது.

கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் வாய்வு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்:

- நெஞ்சின் நடுவில் பாரம், இறுக்கம், எரிச்சல்
- இடது கை, தாடை, கழுத்து, முதுகுக்குப் பரவும் வலி
- குளிர்ந்த வியர்வை, குமட்டல், மூச்சு வாங்குதல்
- காரணம் இல்லாமல் திடீரென்று வரும் கடும் அசதி

பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சுத் திணறல், அசதி, குமட்டல் மட்டும் வரலாம். ஈசிஜி எடுத்துப் பார்த்து வாய்வுதான் என்று டாக்டர் சொல்லட்டும். வெறும் வாய்வுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோமே என்று யாரும் வெட்கப்பட வேண்டாம்.

முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். வீட்டில் மாத்திரை, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். அடைப்பாலும் பக்கவாதம் வரும், இரத்தக் கசிவாலும் வரும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் இன்னும் கெடுதல் செய்யும். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால் அதற்கும் 108-தான்.

மாத்திரையில் நாம் செய்யும் இரண்டு தவறுகள்

முதல் தவறு, நாமாக நிறுத்துவது. ஆஸ்பிரின் ஒரு தட்டணுவை அடக்கினால் அதன் ஆயுசு முடியும் வரை அடக்கும். ஆனால் மஜ்ஜையில் இருந்து தினமும் பத்தில் ஒரு பங்கு புதுத் தட்டணு வருகிறது. மாத்திரையை நிறுத்தினால் ஒரு வாரம் பத்து நாளில் இரத்தத்தில் பெரும்பாலும் அடக்கப்படாத புதியவைதான் இருக்கும். அவற்றுக்கு உள்ளே இருக்கும் ஸ்டென்ட் என்பது வேற்றுப் பொருள். அதன் மேல் கூட்டம் கூடினால் திரும்பவும் அடைப்பு. குறிப்பாக ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் இந்த ஆபத்து அதிகம். திருவிழா, விரதம், பல் பிடுங்குவது, வேறு வியாதிக்கு நாட்டு மருந்து, எதற்காகவும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

பல் ஈறில் லேசாகக் கசிந்தால் அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால், இரத்த வாந்தி வந்தால், மூக்கில் இரத்தம் நிற்காமல் வந்தால், திடீரென்று கடுமையான தலைவலி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரை சாப்பிடும் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து டெங்குவாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தாலும், உடனே டாக்டரிடம் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவர் பரிசோதனை பார்த்து முடிவு செய்வார்.

இரண்டாவது தவறு, நாமாகத் தொடங்குவது. "நல்ல மாத்திரைன்னா நானும் தெனம் ஒண்ணு போட்டுக்கிறேன்" என்று மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடக் கூடாது. 2018-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், இதய நோய் இல்லாத வயதானவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கிடைக்கவில்லை, இரத்தக் கசிவுதான் கூடியது. அதே போல் காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரினோ வேறு வலி மாத்திரையோ நீங்களாகப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ஏற்கனவே குறைந்த தட்டணுவின் வேலையும் கெட்டுவிடும்.

கண்வலிக் கிழங்கு பற்றி ஒரு எச்சரிக்கை

ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக் கிழங்கு பயிரிடுகிறார்கள். நம் மாநிலப் பூவான செங்காந்தள் பூப்பது அந்தச் செடியில்தான். அதன் விதையில் இருந்து எடுக்கும் கோல்சிசின் என்ற மருந்து அழற்சியை அடக்கக் கூடியது. மிகக் குறைந்த அளவில் இதய நோய்க்குக் கொடுக்க 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அழற்சியை அடக்கினால் இதய நோய் குறையும் என்ற எண்ணத்தில் வந்த மருந்து இது. ஆனாலும் இதுவரை வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி முடிவு சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் அந்தக் கிழங்கையோ விதையையோ வாயில் வைத்துவிடாதீர்கள். அது கொடிய விஷம், உயிரைக் குடித்துவிடும். பிள்ளைகள் கையிலும் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழுவாக நாம் செய்யக் கூடியவை

1. முப்பது வயது தாண்டிய உறுப்பினர்கள் எல்லாரும் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போக அமர்த்தப்பட்ட பெண் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அவர்களிடம் கூச்சம் இல்லாமல் கேளுங்கள்.

2. வெற்றிலையோடு புகையிலை போடுவதை விடுங்கள். வீட்டில் பீடி குடிப்பவர் இருந்தால் வீட்டுக்குள் குடிக்க விடாதீர்கள்.

3. பல் ஈறு வீக்கமும் ஒரு அழற்சிதான். இரண்டு வேளை பல் துலக்குங்கள். ஈறில் சீழ் இருந்தால் காட்டுங்கள்.

4. புகை போக்கி வைக்கவோ, கேஸ் அடுப்பு வாங்கவோ கேட்பவர்களுக்கு உள்கடன் கொடுக்கும்போது முன்னுரிமை தரலாம். இதைச் செலவுக் கடன் என்று தள்ளிவிடாதீர்கள்.

5. ஸ்டென்ட் வைத்தவர், மாரடைப்பு வந்தவர் யார் யார் என்று குழுவுக்குத் தெரிந்திருக்கட்டும். சேமிப்பு வசூலிக்கும் நாளில், "மாத்திரை இருக்கா? தீரப் போகுதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

6. ராத்திரி அவசரத்துக்கு ஊரில் யார் வண்டி வரும் என்று பேசி, 108 எண்ணோடு சேர்த்து அந்த ஓட்டுநரின் எண்ணையும் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அந்த அக்கா இப்போது மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுகிறார். அன்றைக்கு டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, கேள்வி கேக்கணும்னு தோணுச்சே" என்றார். அடுத்த கூட்டத்தில் அவரே மற்றவர்களுக்குக் கண்மாய்க் கதையைச் சொன்னார். எங்களைவிட நன்றாகவே சொன்னார். "மண்ணு மூட்டைய கரையில போடணும்டி, வாய்க்கால்ல போடக் கூடாது" என்று அவர் சொன்னதும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத சகோதரிகளும் கேட்கட்டும். வீட்டில் யாராவது ஒரு மாத்திரையை நிறுத்தி வைத்திருந்தால், அந்த அட்டையை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்தே டாக்டரிடம் போய்க் கேட்போம்.